குருவானவரின் கடிதம்: 'கருக்கு' நூலில் ஒரு குழந்தை கற்ற பாடங்கள்

குழந்தைகளுக்கு நாம் எதைக் கற்பிக்கிறோம் என்பது ஒரு கேள்வி; அவர்கள் நம்மிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளுகிறார்கள் என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்குரிய விடை நமது ஞாயிறு பள்ளிப் பாடநூல்களில் அச்சாகியிருக்கிறது. இரண்டாவதற்குரிய விடையை, அக்குழந்தைகள் வளர்ந்தபின் எழுதும் நூல்களில்தான் தேடவேண்டியிருக்கிறது. அத்தகைய நூல் ஒன்றை, அதாவது பாமா எழுதிய 'கருக்கு' என்னும் நூலை, இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். இலக்கியச் சுவை ஒன்றையே கருதி இதனைச் செய்யவில்லை. ஒரு குழந்தை சாதி வேற்றுமையை எவ்விடத்தில் கற்றது, அதனை எதிர்க்கும் துணிவை எவரிடம் கற்றது, அவ்விரு பாடங்களிலும் திருச்சபை எங்கே நின்றது என்பவை அருட்பணியாளர்க்கும் இறையியல் மாணவர்க்கும் உரிய வினாக்கள் என்றே கருதுகிறோம்.

1. நூலும் நிலமும்

'கருக்கு' 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி என்னும் ஊரே இதன் களம். மேற்குத் தொடர்ச்சி மலை அரணாக நிற்கும் அவ்வூரின் அழகைச் சொல்லித் தொடங்கும் நூலாசிரியை, சில பக்கங்களுக்குள்ளேயே ஊர் இரண்டாகப் பிரிந்து கிடப்பதையும் காட்டிவிடுகிறார். அஞ்சலகம், ஊராட்சி அலுவலகம், பால் நிலையம், பெரிய கடைகள், கோவில், பள்ளிக்கூடம் யாவும் ஒரு பக்கம். தம் மக்கள் வாழும் தெருக்கள் மறுபக்கம். ஊர் எப்பொழுது இவ்வாறு பிரிந்தது என்று குழந்தைக்கு எவரும் சொல்லவில்லை. மலையைப்போல அதுவும் என்றும் உள்ள ஒன்றாகவே அதன் கண்ணுக்குத் தோன்றுகிறது.

இந்நிலம் நமது சபைகளுக்குப் புதியதன்று. ராக்லண்ட் முதலான அருட்தொண்டர்கள் 1854ஆம் ஆண்டில் தொடங்கிய வட திருநெல்வேலிச் சுற்றூழியம் சிவகாசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் கூடாரமிட்டு நடைபெற்றது. ராக்லண்ட் 1858இல் சிவகாசியிலேயே மறைந்தார். பின்னாளில் இப்பகுதி தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்றது. விடியுமுன் ஆலை வண்டிகள் சிற்றூர்களுக்கு வந்து, தூக்கம் கலையாத சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்ற காலத்தை மூத்த போதகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசிச் சிறுவர்களைக் குறித்து உச்சநீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பும் அந்நிலையை மாற்ற எழுந்தவை. பாமாவின் இரண்டாம் நூலாகிய 'சங்கதி'யில் (1994) வரும் மைக்கண்ணி, தாய் பிள்ளைபெற்றிருக்கும் காலங்களில் குடும்பத்தைத் தாங்கத் தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் சிறுமி. ஆகவே, இந்நூல்களில் நாம் காணும் குழந்தைகள் நமது சேகரங்களின் எல்லைக்குள்ளேயே வாழ்ந்தவர்கள்.

'கருக்கு' என்பது பனை மட்டையின் இருபுறத்திலும் உள்ள கூரிய பல்விளிம்பு. விறகு பொறுக்கச் சென்ற நாட்களில் அது தம் உடலைக் கீறியதை நூலாசிரியை முன்னுரையில் நினைவுகூருகிறார். அவ்விடத்திலேயே எபிரெயர் நிருபம் 4:12இல் கடவுளின் வார்த்தைக்கு உவமையாக வரும் இருபுறமும் கருக்குள்ள பட்டயத்தையும் சுட்டுகிறார். திருமறையின் உவமையும் விறகு பொறுக்கிய கையின் காயமும் ஒரே சொல்லில் இணைவதை இறையியல் மாணவர் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

2. சிரிப்பில் தொடங்கிய பாடம்

நூலில் பலராலும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி, அவர் மூன்றாம் வகுப்பிற் படித்தபோது நடந்தது. பள்ளி விட்டு வருகிற குழந்தை, பத்து நிமிட வழியைக் கடைத்தெரு வேடிக்கைகளிலெல்லாம் நின்று நின்று அரைமணி, ஒருமணி நேரமாக்கிக்கொண்டு வருகிறது. தன் தெருவுக்கு வந்ததும் அங்கே ஒரு காட்சியைக் காண்கிறது. களத்தில் கதிரடிப்பு நடக்க, நிலக்கிழார் ஒருவர் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இவர்கள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், கடையில் வாங்கிய பலகாரப் பொட்டலத்தை அதன் நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டு வருகிறார். பொட்டலம் அவிழ்ந்து விழுந்துவிடாதோ என்று குழந்தை எண்ணுகிறது. பெரியவரோ உடல் குனிந்து, நூலைப் பிடித்த கைக்கு மறு கையை அணைகொடுத்து நீட்டுகிறார். குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

வீட்டுக்கு ஓடிவந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறது. அண்ணன் சிரிக்கவில்லை. இவர்கள் கை பட்டால் பண்டம் தீட்டாகிவிடும் என்று மேற்சாதியார் கருதுவதை அவர் விளக்குகிறார். குழந்தையின் சிரிப்பு நிற்கிறது, சினம் பிறக்கிறது. ஓடிச்சென்று அந்த வடைகளைத் தன் கையாலேயே தொட்டுவிட வேண்டும் என்று அதற்குத் தோன்றுகிறது.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டுவன இரண்டு. ஒன்று, குழந்தையின் சிரிப்பு அறியாமையால் விளைந்ததேயாயினும், அதுவே சரியான தீர்ப்பு. வயது முதிர்ந்த ஒருவர் ஒரு பொட்டலத்தை அவ்வாறு ஏந்திச் செல்வது நகைப்புக்குரிய மூடச்செயல்தான். அதை நகைப்புக்குரியதாகக் காணும் கண்ணைச் சமுதாயம் வளர வளரப் பறித்துவிடுகிறது. மற்றொன்று, உண்மையைச் சொல்லும் ஆசிரியர் குருவானவருமல்லர், பள்ளி ஆசிரியருமல்லர், அண்ணனே. அதே அத்தியாயத்தில் பாட்டியும் வருகிறார். நிலக்கிழார் வீட்டில் வேலை செய்யும் பாட்டிமார் கை குவித்து நிற்க, நாலடி உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றப்படுகிறது. மிஞ்சிய சோறு தொடாமல் அவர்கள் பாத்திரத்தில் சரிக்கப்படுகிறது. இது முறையா என்று பேத்தி கேட்டால், படியளக்கும் வீடு என்று பாட்டி அமைதி கூறுகிறார். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் மேசையின் கீழ் விழும் துணிக்கைகளைப் பற்றிப் பேசும் தாயைக் குறித்து நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அத்தாயின் பக்கத்தில் நின்று பார்த்த மகளுக்கு அக்காட்சி எவ்வாறிருந்திருக்கும் என்று கேட்டிருக்கிறோமா? பாமா கேட்கச் செய்கிறார்.

3. அமெரிக்கத் தெற்கிலிருந்து ஒரு குழந்தை

குழந்தையின் கண்வழியே இனவேற்றுமையைக் காட்டும் நூல்களில் உலகெங்கும் அறியப்பட்டது ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், 1930களில் நடப்பதாகப் புனையப்பட்ட கதை அது. ஸ்கவுட் என்னும் சிறுமியின் தந்தை ஆட்டிக்கஸ் ஒரு வழக்குரைஞர். வெள்ளைப் பெண்ணொருத்தியைக் கெடுத்ததாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்னும் கறுப்பருக்காக அவர் வாதாடுகிறார். குற்றமின்மை வெளிப்படையாக இருந்தும் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்கிறது. தோற்பது உறுதி என்று அறிந்தும் தொடங்கி இறுதிவரை நிற்பதே துணிவு என்பது தந்தை மகளுக்குக் கற்பிக்கும் பாடம்.

அந்நூலில் திருச்சபையைக் குறித்தும் கூரிய பகுதி ஒன்றுண்டு. மிஷனரிச் சங்கத்துப் பெண்மணிகள் தேநீருக்குக் கூடித் தொலைதூர ஆப்பிரிக்கப் பழங்குடியினருக்காகக் கண்கலங்குகிறார்கள். அதே வாயால் தம் வீட்டுக் கறுப்பினப் பணிப்பெண்கள் முகம் சுளிப்பதைக் குறைகூறுகிறார்கள். டாம் ராபின்சன் சிறையிலிருந்து தப்ப முயன்று சுட்டுக்கொல்லப்பட்டார் என்ற செய்தி அந்தத் தேநீர் வேளையிலேயே வந்துசேர்கிறது. அருட்பணியில் ஆர்வங்கொண்ட எந்தச் சபையும் இப்பகுதியைப் படித்துத் தன்னை ஆராய்வது நன்று.

எனினும் அந்நூலுக்கும் 'கருக்கு'க்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. ஸ்கவுட் அநீதியைப் பார்க்கும் குழந்தை. அவள் நீதிமன்றத்தின் மாடத்தில் கறுப்பின மக்களோடு அமர்ந்து காண்கிறாள். ஆயினும் குற்றக்கூண்டில் நிற்பவள் அல்லள். அவளுக்குப் பாடம் சொல்லத் தந்தை இருக்கிறார். ஊரில் அவருக்கு மதிப்பு இருக்கிறது. டாம் ராபின்சனுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் என்ன கற்றார்கள் என்பதை நூல் சொல்லவில்லை. தோல்வியின் விலையைச் செலுத்தியது அவர்கள் குடும்பமே. 2015இல் வெளிவந்த ஹார்ப்பர் லீயின் மற்றொரு நூலில், வளர்ந்துவிட்ட மகள் தன் தந்தையும் வெள்ளையர் மன்றத்தில் அமர்ந்திருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறாள். பிறர் நலம் நாடும் பெருந்தன்மைக்கும் எல்லை உண்டு என்பதை நூலாசிரியையே அறிந்திருந்தார் என்று கொள்ளலாம்.

'கருக்கு' அந்தச் சொல்லப்படாத குழந்தையின் நூல். இங்கே குழந்தைதான் குற்றக்கூண்டில் நிற்கிறது.

4. தேங்காயும் கடிதமும்

ஏழாம் வகுப்பில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை அடுத்துக் காண்போம். மாலையில் பிள்ளைகள் பள்ளியில் விளையாடுகிறார்கள். சாய்ந்து வளர்ந்த தென்னை மரம் ஒன்றின்மீது ஓடியேறிக் காயைத் தொட்டுவிட்டு இறங்குவது விளையாட்டு. இச்சிறுமி தொட்டபொழுது காய் விழுந்துவிடுகிறது. அதைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவர் பெயரைச் சொல்லி அழைத்து, தேங்காய் திருடியதாகக் கூறி, சாதியையும் சொல்லிப் பழித்து, பள்ளிக்குள் வரக்கூடாதென வெளியேற்றுகிறார். எல்லாப் பிள்ளைகளும் பார்த்து நிற்கிறார்கள்.

சிறுமி குருவானவரிடம் செல்கிறாள். நடந்ததைக் கேட்ட அவர், நீ சேரியிலிருந்து வருகிறவள்தானே, செய்திருப்பாய் என்ற பொருள்படவே முதலிற் பேசுகிறார். சிறுமி அழுகிறாள். நெடுநேரத்திற்குப் பின் அவளைப் பள்ளியிற் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு கடிதம் எழுதித் தருகிறார். கடிதத்தைக் கண்ட தலைமையாசிரியர் மேலும் திட்டிவிட்டு உள்ளே அனுமதிக்கிறார். வகுப்பறைக்குள் அவள் நுழைகையில் அனைவரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இந்நூல் முழுவதிலும் நம்மை மிகுதியாகத் தொல்லைப்படுத்துவது இக்கடிதமே. அக்குருவானவர் கொடியவரல்லர், கேட்டார், இரங்கினார், எழுதினார். அவர் கடிதம் பயனும் தந்தது. பிள்ளையின் படிப்பு நின்றுவிடவில்லை. நம்முள் பலர் இத்தகைய கடிதங்கள் பலவற்றை எழுதியிருப்போம். அவற்றை நமது ஊழியத்தின் நற்கனிகளாகவும் எண்ணியிருப்போம். ஆயினும் இந்தப் பிள்ளை திருடவில்லை என்ற ஒரு சொல்லை அவர் நம்பிச் சொன்னதாக நூலில் இல்லை. அவர் அளித்தது பரிவு; அவள் கேட்டது சாட்சி. ஆட்டிக்கஸ் வழக்கில் தோற்றபோதிலும், டாம் ராபின்சன் குற்றமற்றவர் என்பதை ஊரறியச் சொன்னார். இக்குருவானவர் தாம் நாடியதைப் பெற்றுத் தந்தபோதிலும், சிறுமியின் பெயரை மீட்டுத் தரவில்லை. பள்ளிக்குள் நுழைந்தவள், மன்னிக்கப்பட்ட திருடியாகவே நுழைந்தாள்.

செய்யாத குற்றத்திற்கு மன்னிப்பு அளிப்பதும் ஓர் அவமானமே. குற்றவுணர்வு, பாவமன்னிப்பு, கிருபை என்னும் நம் அருஞ்சொற்களை ஒடுக்கப்பட்ட மக்களிடையே எவ்வாறு வழங்குகிறோம் என்பதை இது சிந்திக்கச் செய்கிறது. சிறுவயதில் பாவசங்கீர்த்தனத்திற்குச் செல்லும்போது சொல்லுவதற்குப் பாவங்களைத் தேட வேண்டியிருந்ததை நூலாசிரியை நகைச்சுவையோடு எழுதுகிறார். பிறர் தமக்குச் செய்த பாவத்தை எங்கே சென்று சொல்லுவது என்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

5. படிப்பும் துணிவும்

அண்ணன் தங்கைக்குத் தந்த அறிவுரை, நன்றாகப் படி என்பதே. படித்து முன்னேறினால் இழிவுகளைத் தூக்கியெறியலாம். பிறர் தாமாக வந்து பேசுவர். தங்கை அதை ஏற்று வகுப்பில் முதலாவதாக வருகிறார். அண்ணன் வெறும் அறிவுரை கூறியவருமல்லர். பக்கத்து ஊர் நூலகத்தில் தம் பெயரோடு எம்.ஏ. என்று கையொப்பமிட்டபின், அங்கிருந்தவர் இருக்கை தந்து மரியாதையாகப் பேசிய அனுபவம் அவருடையது. பின்னாளில் தமிழ்த் திறனாய்வில் பெரும்பெயர் பெற்ற ராஜ் கௌதமன் பாமாவின் அண்ணனாவார்.

இவ்வறிவுரைக்கு இந்நிலத்தில் வலிய முன்மாதிரி உண்டு. கோவில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகையால் 1899இல் சிவகாசி பெருங் கலவரத்தைக் கண்டது. அக்காலத்தில் இழிவுபடுத்தப்பட்ட நாடார் சமூகத்தார் கல்வியையும் வணிகத்தையும் கூட்டு நிதியையும் கொண்டு தம்மை உயர்த்திக்கொண்டனர். 1889இல் விருதுநகரில் அவர்கள் நிறுவிய க்ஷத்திரிய வித்யாசாலாவில் படித்தவரே காமராசர். ஆயினும் ஒரு சமூகம் உயர்ந்ததனால் அதற்குக் கீழே வைக்கப்பட்டவர்களின் எல்லைக்கோடு அழிந்துவிடவில்லை. தாம் பட்ட இழிவை நினைவிற்கொண்டவர் பிறர் படும் இழிவை உணர்வர் என்று சொல்வதற்கில்லை. இது எந்த ஒரு சமூகத்திற்கும் மட்டும் உரிய குறையன்று. வருத்தமுற்ற சிறுபான்மையாகத் தன்னைக் கருதிக்கொள்ளும் திருச்சபைக்கும் இது பொருந்தும்.

அண்ணனின் அறிவுரையை நூல் சோதித்தும் பார்க்கிறது. படித்தபின்னும் பேருந்தில் பக்கத்திலிருந்த பெண், இவர் இன்ன தெரு என்று அறிந்ததும் எழுந்து வேறிடம் செல்கிறார். கல்லூரியில் தனிவகுப்புக்கென்று தாழ்த்தப்பட்ட மாணவியரை எழுந்து நிற்கச் சொல்லுகிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்ய விரும்பித் துறவற மடத்தில் சேர்ந்தால், அங்கும் சாதி காத்திருக்கிறது. ஏறத்தாழ ஏழாண்டுகளுக்குப் பின், 1992இல், அவர் மடத்தைவிட்டு வெளியேறினார். வேலையுமில்லை, கையிற் பொருளுமில்லை. பின்னர் உத்திரமேரூர்ப் பகுதியில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்தார். படிப்பு அவமானத்தை ஒழிக்கவில்லை. அதனை எழுதும் ஆற்றலைத் தந்தது. அண்ணனின் பாடம் இந்த அளவில் மெய்யாயிற்று.

மற்றொரு துணிவையும் நூல் காட்டுகிறது. இடுகாட்டை ஒட்டி இரு சாதியினருக்கிடையே மோதல் எழுந்து, காவல்துறையினர் தெருவுக்குள் புகுந்து அடித்தபோது, ஆண்கள் காட்டில் மறைய, பெண்களே தெருவைத் தாங்குகிறார்கள். பெண்கள் பசித்தார்கள், ஏச்சுக் கேட்டார்கள், எனினும் காட்டிக்கொடுக்கவில்லை. இத்துணிவுக்கு நீதிமன்றமும் இல்லை, எழுந்து நின்று வணக்கம் செலுத்தும் மக்களும் இல்லை. ஆனால், ஒரு சிறுமி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6. மொழியும் குறைகளும்

இந்நூல் இலக்கணத் தமிழை விலக்கி, அம்மக்களின் பேச்சுவழக்கிலேயே எழுதப்பட்டது. ஆரம்பத்தில் சிலர் முகம் சுளித்தனர். ஊராரும், தங்கள் வாழ்வு அம்பலத்தில் வைக்கப்பட்டதாகச் சினங்கொண்டதனால், நூலாசிரியை சில மாதங்கள் ஊருக்குள் செல்ல இயலாதிருந்தார். பின்பு லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்து நூல் உலகப் புகழ் பெற்றது. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை அண்ணன்' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டிலும் மொழியிலும் வழிபாட்டை அமைத்ததை அறிந்த நமக்கு, இம்மொழித் தெரிவின் இறையியற் பொருள் எளிதில் விளங்கும். ஒரு மக்களின் மொழி பலிபீடத்தண்டை வரத் தகுதியற்றது எனில், அம்மக்களும் அவ்வாறே கருதப்படுகின்றனர்.

குறைகளையும் சொல்லவேண்டும். நிகழ்ச்சிகள் காலவரிசையின்றி மீண்டும் மீண்டும் வருவதால் சில அத்தியாயங்கள் தளர்ந்துள்ளன. மடத்து வாழ்வைக் கூறும் பகுதிகளில் தனி மனிதர்களைக் காண்பது அரிது; அமைப்பு ஒன்றே தெரிகிறது. குழந்தைப் பருவப் பகுதிகளில் பாட்டி முதல் தலைமையாசிரியர்வரை ஒவ்வொருவரும் உயிரோடு உலவும் நேர்த்தி அங்கே இல்லை. பெண்கள் தம் வீட்டுக்குள் படும் ஒடுக்குமுறையும் இங்கே முழுமையாக வெளிப்படவில்லை. அதற்கு 'சங்கதி' வரை காத்திருக்கவேண்டும். எனினும் இவை நூலின் உண்மையைக் குறைப்பன அல்ல.

7. நமக்குரிய பாடம்

இது உரோமச் சபையின் கதை. நமக்கு இதில் பங்கில்லை என்று சீர்திருத்தச் சபையார் ஆறுதல் அடைந்துவிடலாகாது. 1833ஆம் ஆண்டிலேயே கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் நீங்கவேண்டும் எனச் சுற்றுக்கடிதம் எழுதினார். அதனை ஏற்காது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சபையைவிட்டு விலகியவர்கள் உண்டு. அக்கடிதம் எழுதப்பட்டு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. நமது சேகரத் தேர்தல்களிலும் திருமணப் பேச்சுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் அதன் ஒவ்வொரு வரியும் இன்னும் நிறைவேறக் காத்திருக்கிறது. கடிதம் எழுதுவதில் நாம் என்றும் பின்தங்கியவர்களல்லர்.

ஹார்ப்பர் லீயின் நூலைப் படிக்கும் போதகர், தம்மை ஆட்டிக்கஸாகக் கண்டு மகிழ்வது எளிது. 'கருக்கு' அவ்வாய்ப்பைத் தருவதில்லை. அதில் நமக்கென்று ஒதுக்கப்பட்ட இடம், அழுகிற சிறுமியின் முன்னே மேசையருகில் அமர்ந்து எழுதுகோலைத் தேடுகிறவருடைய இடம். ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கான பயிற்சியில் இந்நூலின் இரண்டாம் அத்தியாயத்தையேனும் படிப்பிக்கவேண்டும் என்பது நமது வேண்டுகோள். பட்டாசு ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், நல்ல சமாரியனின் கதையை அடிபட்டுக் கிடந்தவனின் பக்கத்திலிருந்தும் சொல்லிப் பார்க்கவேண்டும்.

சீடர்கள் தங்களுள் யார் பெரியவன் என்று தர்க்கித்தபோது, ஆண்டவர் ஒரு பிள்ளையை எடுத்து நடுவே நிறுத்தினார் என்று மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். புதுப்பட்டிப் பள்ளிக் கூட்டத்திலும் ஒரு பிள்ளை எல்லாருக்கும் முன்பாக நிறுத்தப்பட்டாள். அன்று அவளோடு சென்று, இவள் திருடவில்லை என்று சொல்லக் குருவானவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பள்ளிக்கூடம் தொலைவில் இல்லை. அவ்வளவு தூரம் நடந்து செல்லும் போதகர்களை நமது இறையியற் கல்லூரிகள் உருவாக்குகின்றனவா என்பதே இந்நூல் நம்மிடம் கேட்கும் கேள்வி.